தீயணைப்புப் பணியில் பெற்ற இடர்ப்படியை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு (நான்காம் முறை)

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற முன்னணி தீயணைப்பாளர்,
கண்மாய்க்கரைத் தெரு, ரயில்வே கேட் அருகில்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: ஓய்வூதியம் – தீயணைப்புப் பணியாளர்கள் – பணிக்காலத்தில் பெற்ற இடர்ப்படி (ஆபத்தான பணிக்கான கூடுதல் தொகை) ஓய்வூதியக் கணக்கில் சேராதது – அரசுக்குப் பரிந்துரை செய்யவும், எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஓய்வூதியர் குறைதீர் நாளில் நேரில் அளித்த மனு. 2. ஒப்புகை அட்டையுடன் அனுப்பிய பதிவுத் தபால். 3. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1986-இல் தீயணைப்பாளராகப் பணியில் சேர்ந்து, 33 ஆண்டுகள் பணிபுரிந்து, 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன். பார்வையில் கண்ட மூன்று மனுக்களுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. மூன்றாவது மனுவுக்கு மட்டும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. பத்து நாள் கழித்து "மனு முடிக்கப்பட்டது" என்று இன்னொன்று வந்தது. எப்படி முடித்தார்கள், யார் முடித்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. ஆகவே மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 30 ஆண்டு தகுதிப் பணி முடித்தவருக்கு ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தில் பாதி. கணக்குக்காக அடிப்படைச் சம்பளம் ரூ.50,000 என்று வைத்துக்கொண்டால் ஓய்வூதியம் ரூ.25,000. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து, முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றிருந்தால் ரூ.8,333 பிடித்தம் போக ரூ.16,667-உம் அகவிலைப்படியும் கைக்கு வரும். வீட்டு வாடகைப் படி, சீருடைப் படி, இடர்ப்படி எதுவும் இந்தக் கணக்கில் வராது. வாடகைப் படியும் சீருடைப் படியும் சேராததில் எனக்குக் குறை இல்லை. சீருடையைக் கழற்றிய பிறகு அதற்குப் படி எதற்கு? நான் கேட்பது இடர்ப்படி ஒன்றை மட்டும்தான்.

2. அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 9(21) "சம்பளம்" என்றால் என்ன என்று சொல்கிறது. அதில் சிறப்பு ஊதியமும் வருகிறது. அரசு தனியாகச் "சம்பளம்" என வகைப்படுத்தும் பிற தொகைகளும் வருகின்றன. சிறப்பு ஊதியம் எதற்காக என்று 9(25)-ஐப் பார்த்தால், பணியின் தனிப்பட்ட கடுமைக்காக என்று இருக்கிறது. தீக்குள் போவதைவிடக் கடுமையான பணி எது, ஐயா? அதே காரணத்துக்குத் தந்த பணத்துக்குப் "படி" என்று பெயர் வைத்ததால் அது ஓய்வு பெற்ற நாளோடு நின்றுபோனது. "ஊதியம்" என்று எழுதியிருந்தால் கணக்கில் சேர்க்க வழி இருந்திருக்கும். ஒரு சொல்லுக்காகத்தான் நான்கு மனு எழுதிவிட்டேன்.

3. இது நடக்காத காரியம் அல்ல. ராணுவத்தினருக்கு ராணுவப் பணி ஊதியம் என்று தனியே ஒரு தொகை உண்டு. 2016 முதல் அதிகாரி அல்லாதவர்களுக்கு மாதம் ரூ.5,200. அது ஓய்வூதியத்தில் சேர்கிறது. ரயில் ஓட்டுநர்களுக்கு, வண்டி ஓட்டுவதற்கான படிக்கு ஈடாக, அடிப்படைச் சம்பளத்தில் 55 சதவீதத்தைக் கூட்டித்தான் ஓய்வுக்காலப் பலன்களைக் கணக்கிடுகிறார்கள். மத்திய அரசு வேறு, மாநில அரசு வேறு என்பது எனக்குத் தெரியும். நிதி நிலைமையும் தெரியும். ஆபத்தான வேலைக்கான தொகையை ஓய்வூதியத்தில் சேர்க்க விதியில் வழி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

4. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த டயர் குடோன் எரிந்தது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது, தாங்கள் விழாவுக்கு வந்திருக்கிறீர்கள். அன்று நிலையத்தில் வேலை செய்த மூச்சுக்கருவி இரண்டு. உள்ளே போக வேண்டியவர்கள் ஆறு பேர். நான் துண்டை நனைத்து மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு ஹோஸ் பிடித்துப் போனேன். டயர் புகை மற்றப் புகை மாதிரி இல்லை. எண்ணெய்ப் பசையோடு தொண்டையில் அப்பிக்கொள்ளும். நான்கு நாள் சளி கறுப்பாக வந்தது. துண்டை என் மனைவி மூன்று முறை வெந்நீரில் போட்டும் கறை போகவில்லை, கடைசியில் அடுப்பில் போட்டாள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது எங்களையும் உதவிக்கு அனுப்பினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த இடம் அது. அந்த மருந்துப் புகையையும் இந்த நெஞ்சுதான் வாங்கியது. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு அடைக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். மனைவி இருட்டில் தடவி இன்ஹேலரை எடுத்துக் குலுக்கிக் கையில் தருவாள். ஒரு இன்ஹேலர் மாதக் கடைசி வரை வருவதில்லை. காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், தினமும் இழுக்கும் மருந்துக்கு உதவாது. நான் பெற்ற இடர்ப்படி மாதம் சில நூறு ரூபாய்தான், ஐயா. அதில் பாதி ஓய்வூதியத்தில் சேர்ந்திருந்தால் இந்த இன்ஹேலர் செலவில் ஒரு பங்காவது வந்திருக்கும். பணம் பெரிதா என்று கேட்காதீர்கள், பெரிதுதான். 25-ஆம் தேதிக்கு மேல் மருந்துக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தால் தெரியும் அது எவ்வளவு பெரிது என்று.

5. எனக்குப் பிறகு மனைவிக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். சாதாரண விகிதம் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். அதிலும் இடர்ப்படி இல்லை. முப்பத்து மூன்று தீபாவளி, ஒன்றில்கூட நான் வீட்டில் இல்லை. ஊரே வெடி வைக்கும் ராத்திரியில் அவள் பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். அந்த இடர் அவளுக்கு இல்லையா?

6. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த தம்பிகளின் நிலையும் இதேதான். பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்த தொகையில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அங்கும் இடர்ப்படிக்கு இடமில்லை. 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்களே, அந்த வேலைக்குத் தரும் படியைத்தான் சொல்கிறேன்.

7. பதில் வேண்டும்.

விதியை மாற்றுவது தங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். பிரிவில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லி அனுப்புகிறார். நான் விதியை மாற்றச் சொல்லவில்லை, மாற்றக்கூடியவர்களுக்குத் தங்கள் பரிந்துரையோடு அனுப்பச் சொல்கிறேன். மனுவின் மேல் ஒரு முத்திரை குத்தி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பி, "முடிக்கப்பட்டது" என்று எழுதுவதற்கு ஒரு குறைதீர் நாள் எதற்கு? நடைமேடையில் மூச்சு வாங்க மூன்று இடத்தில் உட்கார்ந்து, நான்கு படி ஏறி, டோக்கன் வாங்கி, காலை ஒன்பது முதல் மதியம் வரை காத்திருந்து கொடுத்த காகிதம் அது. கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆகவே, தீயணைப்புப் பணியாளர்களின் இடர்ப்படியை ஓய்வூதியத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் சம்பளமாக வகைப்படுத்தும்படி அரசு நிதித்துறைக்குத் தங்கள் குறிப்புடன் இம்மனுவை அனுப்பிவைக்கவும், அனுப்பிய கடிதத்தின் நகலை எனக்குத் தரவும் மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க முடியாது என்றால் எந்த விதியின்படி முடியாது என்று ஒரு வரி எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள், ஐயா. குறுஞ்செய்தி வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற முன்னணி தீயணைப்பாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீதுகள் (3), கடைசி மாதச் சம்பளப் பட்டியல் நகல், நுரையீரல் மருத்துவரின் சான்று நகல்.