பாசி என்றால் எந்தப் பாசி?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு குளத்தின் படம் வந்திருந்தது. கீழே 'பாசி படர்ந்து மாசடைந்த குளம்' என்று ஒரு வரி. படத்தில் இருந்தது பாசியே இல்லை, சல்வீனியா. 1939 இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த பன்னம் அது. உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, எங்கள் ஊரில் பச்சையாக மிதக்கிறதெல்லாம் பாசிதான், வழுக்கினாலும் பாசிதான். ஆனால் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குளத்துக்கு வைத்தியம் பார்க்கிறோமே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு வருசத்துக்கு முன்னர் எங்கள் பக்கத்தில் ஒரு கோயில் கேணி செங்கல் நிறமாக மாறியது. சனம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், சாயக்கழிவு என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள். மத்தியானம் சிவப்பு, பொழுதுபட்டால் பச்சை. ஒரு சொட்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். கதிர் வடிவத்தில் ஆயிரம் உயிர்கள், நெளிந்து சுருங்கி நீண்டு ஓடித் திரிகின்றன. யூக்ளீனா. அதில் ஒரு வகை, வெயில் ஏறினால் உடம்புக்குள் இருக்கிற சிவப்பு நிறப்பொருளை மேற்பக்கம் கொண்டுவந்து குடை மாதிரிப் பிடிக்கும், வெயில் தணிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை நான் போய்ச் சொல்ல முன்னரே குளோரின் தூளை மூட்டையாகக் கொட்டிவிட்டார்கள். விடிய மீன் எல்லாம் வெள்ளை வயிற்றோடு மிதந்தது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. பச்சைப் பெயின்ற் ஊற்றியது போலக் கரையோரம் திரளுகிற மைக்ரோசிஸ்ரிஸ் போன்ற சயனோபற்றீரியாக்களில் (நீலப்பச்சைப் பாசி என்று சொல்கிற பற்றீரியாக்கள்) சில ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதில் முக்கியமான ஒரு வகைக்கு, நெடுநாள் குடிக்கிற நீரில் ஒரு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம் என்றுதான் உலக சுகாதார அமைப்பு அளவு வைத்திருக்கிறது. ஆனால் மாரி மழைக்குப் பிறகு வெறுந்தரையில் கறுப்புப் பச்சையாக, பிசைந்த ஜெலி மாதிரிக் கிடக்குமே நொஸ்ரொக், அதுவும் சயனோபற்றீரியாதான். கோடையில் காய்ந்து கருகல் போலக் கிடக்கும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் ஊதி எழும்பும். அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரில் வளரும் காராவைப் பிடுங்கிக் கசக்கினால் மொறுமொறுவென்று நொறுங்கும், உள்ளி மணம் அடிக்கும். பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் அதுவும் அல்கா (algae) என்கிற பாசி வகைதான். இவ்வளவையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

சரி, அடையாளம் காண்பது எப்படி? உயர்தரப் பிள்ளைகள் மாப்பொருள் பார்க்கிற அதே அயடீன் போதும். பச்சை அல்காவில் ஒரு சொட்டு விட்டால் உள்ளே கருநீலப் பொட்டுகள் தெரியும், சயனோபற்றீரியாவில் மாப்பொருள் இல்லாததால் கபில நிறத்தோடு நின்றுவிடும். நஞ்சு உள்ளதா என்று மட்டும் நுணுக்குக்காட்டி சொல்லாது, ஒரே இனத்திலேயே நஞ்சுள்ளதும் இல்லாததும் இருக்கும், அதற்கு வேறு சோதனை வேண்டும்.

கஷ்டம் எங்கே என்றால், பெயர் வைப்பதில். ஃபோனில் படத்தைப் போட்டுக் கேட்டால் ஐரோப்பிய ஏரி ஒன்றின் பாசிப் பெயர் வந்து விழும், பெடியள் அப்படியே எழுதிக்கொண்டு வருவார்கள். இலங்கை நன்னீர் அல்காக்களைப் பற்றி வெஸ்ற் என்ற தகப்பனும் மகனும் 1902 இல் எழுதினார்கள், சென்னையில் தேசிகாச்சாரி 1959 இல் சயனோபற்றீரியாக்களுக்குப் பெரிய நூலே எழுதினார். அதற்குப் பிறகு பெயர்களும் மாறிக்கொண்டே வருகின்றன, அனபீனா என்று நான் படித்த சயனோபற்றீரியாவில் மிதக்கிற வகைகளுக்கு 2009 இல் டொலிகொஸ்பேர்மம் என்று பெயர் மாற்றினார்கள் (எனக்கு இன்னும் வாயில் வரவில்லை). ஆகவே என் பிள்ளைகளிடம் சொல்வது, சாதிப்பெயரோடு (genus) நில், இனப்பெயருக்கு (species) ஆசைப்படாதே. சுண்ணாம்பும் பசளை நைத்திரேற்றும் கலந்து, கோடையில் வற்றி வெடிக்கிற எங்கள் குளத்தில் இருப்பது ஃபோன் சொல்கிற அந்த ஐரோப்பியப் பாசிதான் என்று என்ன நிச்சயம்?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. குளம் தூர்வார இயந்திரம் இறங்க முன்னர் இரண்டு போத்தல் தண்ணீரும் ஒரு பிடி சேறும் எடுத்து வையுங்கள். சில சயனோபற்றீரியாக்களின் தடித்த ஓய்வுக்கலங்கள் சேற்றுக்குள்தான் உறங்குகின்றன, சேற்றை அள்ளி வயலில் கொட்டினால் அந்தக் குளத்தின் பாதிக் கதையும் போய்விடும். ஒரு போத்தலுக்கு, கெடாமல் இருக்க, அயடீன் விடுங்கள், மற்றதை உயிரோடு வைத்து அன்றைக்கே பாருங்கள். இடம், திகதி, தண்ணீர் உவரா நன்னீரா என்று ஒட்டுங்கள். பாடசாலைகளில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் நுணுக்குக்காட்டிகளை வெளியே எடுத்தால் பிள்ளைகளே படம் கீறி வைப்பார்கள், சந்தேகமானதை யாழ். பல்கலைக்கழகத் தாவரவியற்றுறையில் காட்டலாம்.

அப்புறம், நீங்கள் படம் போட்ட அந்தக் குளம் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் நல்லது. சனிக்கிழமை வகுப்பு முடிய, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போத்தலோடு போய் வருவேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்