முஹிக்காவைக் காரோடு நிறுத்திவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உருகுவே நாட்டின் முன்னாள் அதிபர் ஹோசே முஹிக்கா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 'உலகின் ஏழை அதிபர்' என்று தலைப்பு. உள்ளே பழைய ஃபோக்ஸ்வாகன் கார், மூன்று கால் நாய், சம்பளத்தில் பத்தில் ஒன்பது பங்கு தானம். எல்லாம் உண்மைதான். ஆனால் பல வருடங்களாக அவரைப் பற்றித் தேடிப் படிக்கிற எனக்கு இது போதவில்லை. அந்தப் பட்டத்தை அவரே ஏற்றுக்கொண்டதில்லை. எவ்வளவு கிடைத்தாலும் போதாது என்று அலைகிறவன்தான் ஏழை, நான் ஏழையில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார்.

ஒரு திருத்தமும் உண்டு. அவர் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ராணுவத்தின் கை ஓங்கி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது 1973 ஜூனில். முஹிக்கா 1972-லேயே கடைசி முறையாகப் பிடிபட்டுவிட்டார். அவர் இருந்த துபாமாரோ என்ற இடதுசாரி ஆயுத இயக்கம் வங்கிகளைக் கொள்ளையடித்ததும் ஆட்களைக் கடத்தியதும், மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசு இருந்தபோது. அந்த அரசும் அடக்குமுறையில் இறங்கியிருந்தது, சரி. ஆனாலும் இதை விட்டுவிட்டால் அவர் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

1970-ல் போலீசார் சுட்டதில் அவர் உடம்பில் ஆறு குண்டுகள் பாய்ந்தன. மறு வருடம் தலைநகர் மொண்டேவீடியோவின் புந்தா கர்ரேத்தாஸ் சிறையிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். (அந்தச் சிறை இப்போது ஷாப்பிங் மால்.) மறுபடி பிடிபட்ட பிறகு ராணுவம் அவரையும் சேர்த்து ஒன்பது பேரைத் தனியாகப் பிரித்துப் பணயக் கைதிகளாக வைத்தது. வெளியே இயக்கம் ஏதாவது செய்தால் இவர்கள் உயிர் போகும் என்று மிரட்டல். முகாம் முகாமாக மாற்றினார்கள். பேச ஆள் இல்லை. ஏழு வருடம் ஒரு புத்தகம்கூடக் கையில் இல்லை. எறும்புகளையும் தவளைகளையும் துணையாக வைத்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

1985-ல் பொதுமன்னிப்பில் விடுதலையாகி வரும்போது அவர் கையில் இருந்தது ஒரு மூத்திரச் சட்டி. சிறையில் அம்மா கொண்டுவந்து கொடுத்தது. அதில் மண் போட்டுப் பூச்செடி வளர்த்திருந்தார். சின்ன வயதில் அப்பாவை இழந்து, அம்மாவோடு பூ வளர்த்து விற்ற பிள்ளை அவர். வெளியே வந்ததும் ரிங்கோன் தெல் செர்ரோ பகுதியில் சின்னப் பண்ணையில் மறுபடி சாமந்தி போட்டார். எனக்கு அவருடைய காரைவிட அந்தச் சட்டிதான் மனதில் நிற்கிறது. பழிவாங்கும் பேச்சில்லாமல் ஓட்டுக் கேட்டு வந்து, நாடாளுமன்ற உறுப்பினர், விவசாய அமைச்சர் என்று ஏறி, 2010 மார்ச் 1-ல் அதிபரானார். பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவர் மனைவியும் செனட்டருமான லூசியா தோபோலான்ஸ்கி. அவரும் பல வருடம் சிறையில் இருந்தவர்.

ஆட்சியைப் பற்றி உங்கள் கட்டுரையில் இரண்டே வரிதான். 2013-ல் கஞ்சா விற்பனையை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது அவர் கஞ்சாவை நல்லதென்று நினைத்ததால் அல்ல. கடத்தல்காரர்களின் சந்தையைப் பறிக்கவே அந்தச் சட்டம். அதே சமயம், பதவியேற்ற அன்று கல்வி, கல்வி என்று அடுக்கிச் சொன்னவர், அதில் பெரிதாக எதையும் செய்து முடிக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். தன் நிலத்தில் ஒரு விவசாயப் பள்ளி வர அவர் வழி செய்தார். ஆனால் கல்வியில் நாட்டுக்கே அவர் தந்த வாக்குறுதி அதைவிடப் பெரியது.

2025 மே 13-ல், 89 வயதில், புற்றுநோயால் இறந்தார். தன் நாய் மனுவேலாவைப் புதைத்த இடத்திலேயே தன்னையும் சேர்க்கச் சொல்லியிருந்தார். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்தீர்களோ என்னவோ. துப்பாக்கி எடுத்த காலத்தையும் சிறையையும் ஆட்சியில் தவறியதையும் சேர்த்து இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள். எங்கள் ஊர் நூலகத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்