'வரலாற்றில் இன்று' போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழின் மூலையிலும், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையிலும், பண்பலை வானொலியிலும், குடும்ப வாட்ஸப் குழுக்களிலும் விடிந்ததும் 'வரலாற்றில் இன்று' போடுகிற அத்தனை பேருக்கும் வணக்கம். உங்கள் பகுதியை விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அங்கங்கே கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தது இதுதான். தேதியை மட்டும் தனியாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். எப்போதாவது ஒருமுறை அந்த மாதத்தை முழுசாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை சரிபாருங்கள்.

எந்த மாதம் என்று கேட்டால் நான் அக்டோபர் 1931-ஐச் சொல்வேன். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கிடக்கிற காலம். உங்கள் பட்டியலில் தமிழர்கள் தவறாமல் தேடுகிற இரண்டு வரிகள் அதில் இருக்கின்றன: 15-ஆம் தேதி அப்துல் கலாம் பிறப்பு, 31-ஆம் தேதி 'காளிதாஸ்' வெளியீடு. மற்றதெல்லாம் வழக்கம்போல. 2-ஆம் தேதி தாமஸ் லிப்டன் மறைவு, 7-ஆம் தேதி தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு பிறப்பு, 12-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவில் கிறிஸ்து சிலை திறப்பு, 17-ஆம் தேதி அமெரிக்கக் கொள்ளைக் கும்பல் தலைவன் அல் கபோன் வரி ஏய்ப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு, 18-ஆம் தேதி எடிசன் மறைவு, 24-ஆம் தேதி நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத் திறப்பு விழா. மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது, இல்லையா? ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டோ உறவோ கிடையாது. ஆனால் இவற்றை ஒரே மேசையில் பரப்பி வைத்து, நீங்கள் விட்டுவிட்டவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

எடிசனில் இருந்து ஆரம்பிக்கிறேன். குரலைப் பதிவு செய்து திரும்பக் கேட்கலாம் என்று 1877-லேயே காட்டிய மனிதர் அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சியில் இறந்துபோகிறார். அடக்கம் நடந்த 21-ஆம் தேதி இரவு 10 மணிக்கு ஒரு நிமிடம் விளக்கை அணையுங்கள் என்று குடியரசுத் தலைவர் ஹூவர் நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்கிறார். (நாடு முழுக்க மின்சாரத்தையே நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் யோசனை. உயிருக்கே ஆபத்து என்று அதை விட்டுவிட்டார்கள்.) இதற்கு நடுவில், 20-ஆம் தேதி, கிழக்கு லண்டனில் கிங்ஸ்லி ஹாலில் தங்கியிருந்த காந்தியின் குரலை ஒரு கிராமபோன் கம்பெனி இசைத்தட்டில் பதிவு செய்கிறது. வட்டமேசை மாநாட்டுக்காக வந்தவர், இசைத்தட்டில் அரசியலைத் தொடாமல், கடவுளைப் பற்றித் தான் முன்பு எழுதியதைப் படித்துக் காட்டுகிறார். அப்புறம் 31-ஆம் தேதி, சனிக்கிழமை, சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் இருந்த கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரைக்குள்ளிருந்து தமிழ் பேசுகிறது, பாடுகிறது. இரண்டு வாரத்துக்குள் நடந்தவை இவை. எடிசன் ஒரு நாள், காளிதாஸ் ஒரு நாள் என்று நீங்கள் பிரித்துப் போடும்போது இது யார் கண்ணிலும் படாது. காந்தியின் பதிவோ உங்கள் பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை.

'காளிதாஸ்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி பம்பாயில் எடுத்த படம், இயக்கம் எச்.எம். ரெட்டி. அதே ஆண்டு மார்ச் 14-ல் இந்தியாவின் முதல் பேசும் படத்தை வெளியிட்ட அதே கம்பெனி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் கலந்து பேசினார்கள், அதனால் இதை முழுத் தமிழ்ப் படம் என்று சொல்லலாமா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது கூட்டம் கூடி, பூப்போட்டு, தேங்காய் உடைத்து, வால்டாக்ஸ் ரோடு நெடுக ஊர்வலமாகப் போனதாக சினிமா வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. காளிதாசன் கதைக்கும் காந்திக்கும் துளியும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய காந்தி ராட்டினப் பாட்டை அந்தப் படத்தில் ராஜலட்சுமி பாடினார். பாட்டில் வருகிற ஆள் அந்த நேரத்தில் லண்டனில் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கிறார்! படத்தின் பிரதி இன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. இவ்வளவும் இருக்க, நீங்கள் போடுவது 'முதல் தமிழ்ப் பேசும் படம் வெளியானது' என்ற ஒரே வரி.

சரி, ஒரே வரியாகவே இருக்கட்டும், அதையாவது சரியாகப் போடலாமே. '1931 தீபாவளி அன்று, அக்டோபர் 31-ல் வெளியானது' என்று பலர் போடுகிறீர்கள். தயவுசெய்து ஒரு பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள், கிடைக்காவிட்டால் கிரகணக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 26-ல் முழுச் சந்திர கிரகணம், அதாவது பௌர்ணமி. அக்டோபர் 11-ல் பகுதிச் சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. அதிலிருந்து எண்ணினால் அடுத்த பௌர்ணமி அக்டோபர் 26, அடுத்த அமாவாசை நவம்பர் 9-ஐ ஒட்டி. அக்டோபர் 31 தேய்பிறை தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருகிற தீபாவளி எப்படி அன்றைக்கு வரும்? ஒன்று தேதி சரி, தீபாவளி தப்பு, அல்லது தீபாவளி சரி, தேதி தப்பு. இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க வழியே இல்லை. தேதிதான் சரி என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பதால் தீபாவளியை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. இத்தனை வருஷமாக ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறோம்.

தெலுங்குக்காரர்களைப் பாருங்கள். அவர்களுடைய முதல் பேசும் படமான 'பக்த பிரகலாதா'வும் எச்.எம். ரெட்டி இயக்கியதுதான். அது 1931 செப்டம்பர் 15-ல் வெளியானது என்று வெகுகாலம் நம்பி விழாவே எடுத்தார்கள். பிறகு தணிக்கைச் சான்றையும் பழைய செய்தித்தாள்களையும் தேடிப் பிடித்து, 1932 பிப்ரவரி 6-தான் சரி என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றத்தால் 'காளிதாஸ்' தெலுங்குப் படத்துக்கு முன்னால் வந்துவிட்டது. ஒரு தேதியைச் சரிபார்த்தால் வரிசையே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

சரிபார்ப்பு என்று வந்துவிட்டதால் இன்னும் இரண்டு. அக்டோபர் 15-ஐ ஐ.நா. சபை 'உலக மாணவர் தினம்' என்று அறிவித்திருப்பதாக வருஷாவருஷம் ஒரு செய்தி சுற்றுகிறது. ஐ.நா.வின் சர்வதேச நாட்கள் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. அன்றைய தேதியில் அங்கே இருப்பது கிராமப்புறப் பெண்கள் தினம். தமிழ்நாடு அரசு அந்த நாளை 'இளைஞர் எழுச்சி நாள்' என்று 2015-ல் அறிவித்தது உண்மை. அந்த உண்மையைப் போட்டால் போதாதா, கலாமுக்கு ஐ.நா. சான்றிதழ் எதற்கு? இன்னொன்று ரியோ சிலை. மார்க்கோனி ரோமில் உட்கார்ந்தபடி வானொலி அலையால் விளக்கேற்றினார் என்று கதை அழகாகத்தான் இருக்கிறது. திட்டம் அதுதான், ஆனால் வானிலை ஒத்துழைக்காமல் போய் விளக்கை உள்ளூரிலேயே போட்டார்கள். எனக்கென்னவோ நடக்காமல் போன அந்தக் கதைதான் இன்னும் சுவாரசியமாகப் படுகிறது.

இனி பிறப்புகள். இங்கேதான் எனக்கு உங்களோடு பெரிய சண்டை. அல் கபோனுக்கு 24-ஆம் தேதி 11 வருஷ சிறைத் தண்டனை கிடைத்தது, மறுநாள் உலகத்துக்கே செய்தி. ராமேஸ்வரத்தில் 15-ஆம் தேதி ஒரு படகுக்காரர் வீட்டில் குழந்தை பிறந்தது, அது யாருக்கும் செய்தி இல்லை. எட்டு நாள் முன்னால் தென்னாப்பிரிக்காவின் கிளெர்க்ஸ்டார்ப்பில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு மகன் பிறந்ததும் அப்படித்தான். பல வருஷம் கழித்து ஒருவர் நோபல் அமைதிப் பரிசு வாங்குகிறார், இன்னொருவர் குடியரசுத் தலைவர் ஆகிறார், அதன்பிறகே அந்த நாட்கள் பட்டியலில் ஏறுகின்றன. அன்றே நடந்த செய்தியையும் பின்னால் தெரியவந்த செய்தியையும் ஒரே எழுத்தளவில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, கூடவே நரைமுடிக் கலாம் படத்தை வைத்தால், பிறக்கும்போதே அவர் குடியரசுத் தலைவராகப் பிறந்தது போலத்தான் பள்ளிப் பிள்ளை நினைக்கும். பிறந்தார் என்பதோடு, எந்த ஊரில், அந்த ஊர் அன்று எப்படி இருந்தது என்று ஒரு வரி சேருங்கள். 1931-ன் ராமேஸ்வரம் என்றால் பாம்பன் ரயில் பாலம் வந்து 17 வருஷம் ஆகியிருக்கிறது, ரயில் தனுஷ்கோடி வரை போகிறது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறலாம். அப்பா ஜைனுலாப்தீன் ஆளேற்றும் படகு வைத்திருக்கிறார். 1964 புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. இதையெல்லாம் சொன்னால் அது பிறப்புச் செய்தி.

அடுத்தது பணம். உங்கள் பட்டியலில் பணம் வருவதே இல்லை, வந்தால் லிப்டன் மாதிரி 'தேயிலை மன்னர்' என்ற கிரீடத்தோடு வரும். அந்த அக்டோபரின் உண்மையான பெரிய செய்தி பணம்தான். செப்டம்பர் 21-ல் பிரிட்டன் தங்க மதிப்பை, அதாவது பவுண்டுக்கு இவ்வளவு தங்கம் என்று கட்டிவைத்திருந்த முறையை, கைவிட்டது, ரூபாயைப் பவுண்டோடு கட்டிவிட்டார்கள், பவுண்டோடு சேர்ந்து ரூபாயும் இறங்க, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. ஏற்கெனவே நெல்லும் பருத்தியும் அடிமாட்டு விலைக்குப் போய், வரி கட்டவும் வட்டி கட்டவும் கையில் காசில்லாத குடும்பங்கள் நகையை விற்றன. அந்தத் தங்கம் பம்பாயில் கப்பல் ஏறத் தொடங்கியதும் இந்த மாதங்களில்தான். (தங்கம் தோண்டுகிற தென்னாப்பிரிக்காவோ 1932 டிசம்பர் வரை தங்க மதிப்பை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தது, அது தனிக்கதை.) அக்டோபர் 27-ல் பிரிட்டனில் தேர்தல், மாக்டொனால்டின் தேசிய அரசாங்கத்துக்கு 554 இடம் (பெரும்பாலும் பழமைவாதக் கட்சியினர்), தொழிற்கட்சிக்கு வெறும் 52. காந்தி யாரோடு பேசப் போனாரோ அந்த நாடு மாநாட்டின் நடுவிலேயே பழமைவாதக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டது. மாநாடு ஏன் வெறுங்கையோடு முடிந்தது என்று புரிய 27-ஆம் தேதி தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அந்த நாள் பெரும்பாலும் காலி.

லிப்டனையும் விட்டுவிட மனசில்லை. இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கம் அவருக்குத் தோட்டங்கள் இருந்தன, கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்னால்தான், ஜூன் 1931-ல், இலங்கையில் ஆண் பெண் எல்லாருக்கும் வாக்கு என்று முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அதில் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்கச் சொல்லி முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள். லிப்டன் வரியின் கீழே இதற்கு இடம் கேட்டால் அதிகமா?

சீனாவின் வடகிழக்கில் ஜப்பான் படை நுழைந்திருந்த மஞ்சூரியா ஒன்று பாக்கி. அக்டோபர் 8-ல் ஜப்பான் விமானங்கள் ஜின்ஜோ நகரத்தில் குண்டு போட்டன, 24-ஆம் தேதி ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் கவுன்சில் ஜப்பானை வெளியேறச் சொல்லித் தீர்மானம் போட்டது, ஆதரவு 13, எதிர்ப்பு ஜப்பான் மட்டும் 1. ஒருமித்த ஓட்டு இல்லாததால் அது செல்லாமல் போனது. அதே நாளில் நீங்கள் பாலத்தையும் அல் கபோனையும் மட்டும் போடுகிறீர்கள்.

மொத்தத்தையும் தினமும் போடச் சொல்லவில்லை, உங்களுக்கும் இடம் குறைவு, நேரம் குறைவு, தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு பழைய மாதம், அரைப் பக்கம். உடனே செய்யக்கூடிய வேலை என்றால், வருகிற அக்டோபரில் 'தீபாவளி அன்று' என்பதையும் 'ஐ.நா. அறிவித்த' என்பதையும் எடுத்துவிடுங்கள், 20-ஆம் தேதிக்கு காந்தியின் இசைத்தட்டையும் 27-ஆம் தேதிக்குத் தேர்தலையும் சேர்த்துவிடுங்கள். அடுத்து நவம்பர் 1931 எடுப்பதாக இருந்தால் 28-ஆம் தேதி பர்மாவில் சாயா சானைத் தூக்கிலிட்டதில் இருந்து ஆரம்பிக்கலாம். கடனிலும் வரியிலும் நொந்த நெல் விவசாயிகளின் கிளர்ச்சி அது, அந்தக் கடனில் நம் செட்டியார் கணக்குப் புத்தகங்களும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் பகுதியைக் காலையில் முதலில் படிக்கிற வாசகன்