'ச' இல்லாத கீபோர்டு எதுக்கு?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் வச்ச மெக்கானிக்கல் கீபோர்டை பாகம் பாகமா வாங்கி நாமளே சேக்குறது பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரையப் படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முழுக்க இங்கிலீஷ் அடிக்கவங்களுக்கும் கேம் ஆடுற பயலுவளுக்கும் எழுதுன மாதிரி இருக்கு. பாளையங்கோட்டையில நாள் பூரா மனுவும் பத்திரமும் தமிழ்99ங்கிற தமிழ் கீ வரிசையில (லேஅவுட்டுல) அடிக்கிற எங்களுக்குக் கணக்கே வேற.

மொதல்ல சைஸு. சின்னதா அழகா இருக்குன்னு முழு கீபோர்டுல சுமாரா நாப்பது சதவீதம் கீ மட்டும் உள்ள 40 பர்சென்ட் போர்டு வாங்கிராதிய. 1999ல அரசு அறிவிச்ச இந்த லேஅவுட்ல 'ச' இருக்கது பி-க்கு அடுத்த சதுர அடைப்புக்குறி கீயில, அதுக்குப் பக்கத்து கீ 'ஞ', அந்த ரெண்டும் 40ல பெரும்பாலும் தனியா கிடையாது, இன்னொரு கீயச் சேத்து அமுக்கணும். சேரன்மகாதேவின்னு அடிக்க இம்புட்டு வித்தையா? 65 பர்சென்ட் போர்டு வாங்குனா அந்த ரெண்டு கீயும் இருக்கும், அம்புக்குறி கீயும் இருக்கும்.

அடுத்து கீக்கு அடியில இருக்க சுவிட்ச். புளூ சுவிட்சத் தூக்கி வச்சு எழுதியிருந்திய, டைப்ரைட்டர் கணக்கா டக்கு டக்குன்னு கேக்கும், வாஸ்தவந்தான். ஆனா தமிழ்99ல ஒரே எழுத்த ரெண்டு தடவ தட்டுனா நடுவுல புள்ளி தானா விழும், அம்மா, பக்கம், பட்டான்னு இது இல்லாம நமக்கு ஒரு வரி ஓடாது. புளூல கீ பதியுற இடத்தையும் தாண்டி மேல வந்தாத்தான் விட்டதா அர்த்தம், அவசரத்துல பாதி விட்டுத் திரும்ப அமுக்குனா ரெண்டாவது எழுத்து விழாது, பத்திரத்துல பட்டா 'படா'ன்னு நிக்கும். செர்ரி கம்பெனி ரெட் சுவிட்சுல இந்த வம்பு இல்ல, 45 கிராம் அழுத்தந்தான், பக்கத்து சீட்டுக்காரரும் திட்ட மாட்டாரு.

போர்டு ஹாட்ஸ்வாப்பா இருக்கட்டும், சால்டரிங் இல்லாம சுவிட்ச மாத்திக்கலாம். அஞ்சு பின் (கால்) சுவிட்ச மூணு பின் போர்டுல மாட்டணும்னா ஓரத்து ரெண்டு பிளாஸ்டிக் காலை நகவெட்டியால நறுக்கிரலாம், உலோகக் கால்ல மட்டும் கை வச்சிராதிய.

நம்மூரு வேர்வைக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப் (கீ மேல மாட்டுற மூடி) சீக்கிரம் பளபளன்னு ஆயிரும், பிபிடி பிளாஸ்டிக் கொஞ்சம் தாங்கும். தமிழ் அச்சடிச்ச கேப்புக்கு அலைய வேண்டாம், பழகுன விரலுக்கு எழுத்து தெரியும், எஃப்லயும் ஜேலயும் மேடு இருக்கான்னு தடவிப் பாத்தா போதும், தமிழ்99ல மெய்யெழுத்துப் புள்ளியே எஃப்லதான இருக்கு.

நீளக் கீ சாயாம தாங்குற ஸ்டெபிலைசர் கம்பி பத்தி ஒரு வார்த்த காணோமே அண்ணாச்சி? ஸ்பேஸ்பார் கடகடங்கது முக்காவாசி அந்தக் கம்பி முனையில கிரீஸ் இல்லாமத்தான், அடுத்த தடவ அதையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு டிடிபி ஆபரேட்டர், பாளையங்கோட்டை