பெண்கள் கால்பந்து அணியின் முழுக்கணக்கை, சேரவரும் மாணவியின் கையெழுத்துக்கு முன்பே காட்டுங்கள்

அமெரிக்காவின் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு) முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத்துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, பல்கலைக்கழகங்களே தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்த ஹவுஸ் வழக்கு உடன்படிக்கை, பெண்கள் கால்பந்து அணிகளின் அடிப்படையையே மாற்றிவிட்டது. அதுவரை ஓர் அணி 14 முழு உதவித்தொகைகளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். உதவித்தொகை இல்லாமல் ஆட முன்வருவோரையும் சேர்த்துக்கொள்ளலாம். உடன்படிக்கையை ஏற்ற பல்கலைக்கழகங்களில் இப்போது உதவித்தொகைக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் அணியில் 28 பேருக்குமேல் இடமில்லை. இருபத்தெட்டுப் பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம் என்பது மகிழ்ச்சிக்குரியது. தந்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பதுதான் என் கவலை.

2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக வழங்கக்கூடிய தொகை ஏறத்தாழ 2.05 கோடி டாலர். புதிதாகக் கூட்டப்படும் உதவித்தொகைகளில் 25 லட்சம் டாலர் வரை இந்த வரம்புக்குள்ளேயே கழிக்கப்படுகிறது. ஆகவே கால்பந்து வீராங்கனைக்குக் கூடுதலாக ஓர் உதவித்தொகை கேட்கும் பயிற்சியாளர், அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் எதிர்பார்த்திருக்கும் அதே பணத்தில்தான் பங்கு கேட்க வேண்டியிருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சமத்துவ அறிக்கையில் ஒவ்வோர் அணியின் ஆட்களும் செலவும் இருக்கின்றன. உதவித்தொகையோ ஆண்களுக்கு இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவு என்று மொத்தமாக மட்டுமே இருக்கிறது. தம் மகள் சேரப்போகும் அணிக்கு அதில் எவ்வளவு என்பதைப் பெற்றோர் அதைப் படித்து அறிய வழியில்லை.

படிப்பின் கணக்கு இதைவிட வருத்தம் தருகிறது. வீரர்கள் படிப்பில் நிலைத்து முன்னேறுகிறார்களா என்பதை அளக்கும் அணியின் கல்வி முன்னேற்ற விகிதம், ஆயிரத்துக்கு 930க்குக் கீழே போனால் தண்டனை உண்டு என்றாலும், அந்த விகிதத்தில் பொதுவாக விளையாட்டு உதவித்தொகை பெறுவோர் மட்டுமே சேர்கிறார்கள். சொந்தச் செலவில் படித்துக்கொண்டே நாள்தோறும் பயிற்சிக்கு வரும் வீராங்கனை, பெண்களுக்கு இத்தனை வாய்ப்பு தந்திருக்கிறோம் என்று நீங்கள் காட்டும் எண்ணிக்கையில் இருக்கிறார். அவர் பட்டம் பெற்றாரா, இடையில் விலகினாரா என்பது அந்த விகிதத்தில் பதிவாவதே இல்லை.

பருவகாலத்தில் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பிலும் ஆட்ட நாள் முழுவதும் வெறும் 3 மணி நேரமாகவே எண்ணப்படுகிறது, பயணமோ எண்ணப்படுவதே இல்லை. 2024 முதல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் பெரும்பாலும் கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் உள்ள அட்லாண்டிக் கடற்கரை மாநாடு (ஏசிசி) என்ற போட்டிக் கூட்டமைப்பில் ஆடுகின்றன. கண்டத்தைக் கடந்து போய் ஆடித் திரும்பும் அந்த நாள்கள் வகுப்பு நடக்கும் இலையுதிர்காலத்தில்தான் வருகின்றன. மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள் பட்டத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கையில், ஆய்வக வகுப்புகள் நிறைந்த துறைக்கு மாற விரும்பும் மாணவிக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

எனவே, அணியில் சேரக் கையெழுத்திட வரும் ஒவ்வொரு மாணவியிடமும் அந்த அணியின் கடந்த நான்கு ஆண்டுக் கணக்கை எழுத்தில் கொடுங்கள். உதவித்தொகை பெற்றோர் எத்தனை பேர், முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள், அவர்கள் எந்தத் துறைகளில் பட்டம் பெற்றார்கள், ஒரு பருவத்தில் எத்தனை வகுப்பு நாள்கள் தவறின என்பவை அதில் இருக்கட்டும். உதவித்தொகை இல்லாதவர்களையும் அதில் சேர்த்தே எண்ணுங்கள். இந்த விவரங்கள் எல்லாம் உங்கள் அலுவலகங்களில் இப்போதே இருப்பவை. அடுத்த சேர்க்கைப் பருவத்துக்குள் இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
கல்லூரிப் பெண்கள் கால்பந்தின் மீது அக்கறை கொண்ட ஒருவர்