வெம்பிளியில் நான் பார்த்தது

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்தபோது அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது. அதனால் அரைவாசிதான் சொன்னேன். மிச்சத்தை எழுதினால்தான் எனக்கும் ஆறும்.

உங்கள் நிதிசேகரிப்பு நிகழ்ச்சியில் உன் குழுவுக்கு இருபது நிமிடம்தான் தந்திருக்கிறார்கள் என்று உனக்குக் கோபம். அது குரலிலேயே தெரிந்தது. பிறகு அந்தக் கோபத்தை மறந்து, குவீன் இசைக்குழுவின் கதையாக 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தையும் அதில் வரும் லைவ் எய்ட் கச்சேரியையும் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாய். "அம்மா, நீங்கள் அதுக்கு நேரில போனனீங்களாமே, உண்மையா?" என்று வேறு கேட்டாய். உண்மைதான். 1985 யூலை 13, சனிக்கிழமை, பழைய வெம்பிளி மைதானம். நீ அப்போது பிறக்கவில்லை.

என்னோடு வார்டில் வேலை செய்த ஐரிஷ்காரத் தாதி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தம்பிக்கு வர முடியாமல் போனதால் ஒரு ரிக்கெற் மிஞ்சியது. ரிக்கெற்றுக்கு ஐந்து பவுண், அதன்மேல் நன்கொடை இருபது பவுண். அந்த நாளில் எங்களுக்கு 25 பவுண் சின்னக் காசு இல்லை. அவள் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தார். பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு எங்கள் இயக்கங்களும் கட்சியும் நடத்திய பேச்சுவார்த்தையின் முதல் சுற்று முடிகிற நாள் அது. எங்கள் தரப்பு நான்கு கோட்பாடுகளை முன்வைத்ததும் அதே 13ஆம் திகதிதான். தமிழோசையில் என்ன சொல்வார்களோ என்று அவர் காத்திருக்க, நான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ரொக் கச்சேரிக்குப் போனேன். இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். காட்டட்டும்.

ஆனால் நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போகவில்லை. முந்தைய வருடம் ஒக்டோபரில் எதியோப்பியாவின் கொரெம் என்ற இடத்திலிருந்து பிபிசி பஞ்சத்தைப் பற்றி ஒரு செய்தி காட்டியது. செய்தியாளர் மைக்கேல் பியூர்க், படம் பிடித்தவர் கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். வார்டின் ஓய்வறையில் நின்றபடியே பார்த்தோம், ஒருத்தரும் தேநீரைத் தொடவில்லை. அதைப் பார்த்துத்தான் பொப் கெல்டோஃப் என்ற ஐரிஷ் பாடகர் மிட்ஜ் யூர் என்ற இன்னொரு பாடகரோடு சேர்ந்து முதலில் ஒரு நத்தார்ப் பாட்டை வெளியிட்டார், அப்புறம் பஞ்சத்துக்குக் காசு சேர்க்க இந்தக் கச்சேரி. லண்டனில் ஒரு மேடை, அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஒரு மேடை, இரண்டையும் செய்மதி வழியாக உலகம் முழுவதும் காட்டினார்கள். என் தோழிக்கு அது இன்னும் கிட்டத்தில் பட்டது. 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும் பஞ்சத்தை அவர்கள் வீடுகளில் இப்போதும் கதைப்பார்களாம். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அன்று அதிகம் கொடுத்த நாடு அயர்லாந்துதான்.

வெயில் என்றால் சரியான வெயில். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டேட்டஸ் குவோ என்ற குழு தொடங்கினார்கள். முன்வரிசையில் நெரிபட்டவர்கள்மேல் குழாயால் தண்ணீர் அடித்தார்கள். எங்களுக்கு மேடைக்கு எதிர்ப்பக்கம், பின்வரிசைக் கதிரை. அங்கிருந்து பார்த்தால் பாடுகிறவரின் உருவம் ஒரு விரல் நுனி அளவுதான். முகம் பார்க்க வேண்டுமென்றால் பெரிய திரையைப் பார்க்க வேண்டும். மேடை சுழல்மேடை. ஒருவர் வாசிக்கும்போதே அடுத்தவருடைய சாமான்களைப் பின்பக்கம் அடுக்கிவிடுவார்கள். ஒரு குழுவுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம், பெரியவர் சின்னவர் என்ற பேதம் இல்லை. பார், உன் இருபது நிமிடம்!

தோழி வந்தது யு2 என்ற குழுவுக்காக. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகர் பொனோ மேடையை விட்டுக் கீழே குதித்து, கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை வெளியே எடுத்து அவளோடு ஆடினார். மற்றவர்கள் ஆளைக் காணாமல் அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு பன்னிரண்டு நிமிடம் போய், மூன்றாவது பாட்டுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. தோழிக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் அவர்களைப் பெரிய ஆட்களாக்கியது. ஆகவே நேரத்தை வீணாக்கினால் கெட்டுப்போவாய் என்று நான் உனக்குச் சட்டம் சொல்லவரவில்லை. அப்படிக் குதிக்க ஒரு பொனோ வேண்டும், அவ்வளவுதான்.

குவீன் வந்தது மாலை 6:41க்கு. அவர்களைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தோழிக்குத் தெரியும், பிடிக்காது. முந்தைய ஒக்டோபரில் நிறவெறித் தென்னாபிரிக்காவின் சன் சிட்டியில் போய்ப் பாடியிருந்தார்கள். அதற்காக இங்கே இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது, பத்திரிகைகள் கிழித்தன. இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அவள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே, பொலிஸ்காரர் வேடத்தில் இரண்டு நகைச்சுவை நடிகர்கள் வந்து அவர்களை அறிமுகம் செய்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளைப் பெனியன், வெளிர்நீல ஜீன்ஸ், மீசை. குவீனின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஓடிவந்தார், நேரே பியானோவில் போய் உட்கார்ந்தார். பியானோவின் மேல் பெப்சிக் கடதாசிக் குவளைகள் வரிசையாக இருந்தன, திரையில் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது, தாதி புத்தி. அது தட்டுப்பட்டு உள்ளே ஊற்றினால் என்ன ஆகும் என்று பதறினேன். அவர் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அவர்களுடைய மிகப் பெயர்பெற்ற பாட்டைத்தான் தொடங்கினார். உலகமே அதை முழுதாகக் கேட்க ஆசைப்படும். முதல் பகுதி முடிந்ததும் டக்கென்று வெட்டிவிட்டு எழும்பினார், அடுத்த பாட்டு. தம்பி, நீ கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தங்கள் மிகச் சிறந்த பாட்டைக்கூட அரைவாசியில் விட அவர்களுக்கு மனம் வந்தது. நீயோ கிற்றார் சோலோவைக் குறைக்கமாட்டேன் என்று நிற்கிறாய்.

அது அப்படியே தானாக வந்ததில்லை. கிங்ஸ் குறொஸ் பக்கத்தில் ஷோ தியேட்டர் என்று ஒரு சின்ன அரங்கம் உண்டு. அங்கே போய் இந்த இருபது நிமிடத்தை மட்டும் நாட்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். வேறு சிலர் புதுப் பாட்டை விளம்பரப்படுத்தப் பார்த்தார்கள். இவர்கள் சனத்துக்குத் தெரிந்த பாட்டுகளை மட்டும் எடுத்து, இடைவெளி இல்லாமல் கோத்தார்கள். இவர்களுடைய கச்சேரி என்றால் விளக்கும் புகையும்தான் பேர்போனது. அன்று வெயில் இன்னும் இறங்கவில்லை, விளக்குப் போட்டு என்ன பயன்? கையில் இருந்தது குரலும் வாத்தியமும் ஃப்ரெடியின் அந்த அரை மைக் கம்பும்தான். பழைய கச்சேரி ஒன்றில் மைக் ஸ்ராண்ட் முறிந்து, அப்படியே பிடித்துப் பழகிவிட்டாராம்.

இரண்டாவது பாட்டு ரேடியோவைப் பற்றியது. அதன் வீடியோவில் ஒரு இரட்டைக் கைதட்டு வரும், நீ பார்த்திருப்பாய். பல்லவி வந்ததும் மைதானமே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டியது. எழுபதாயிரம் பேருக்கு மேல். அவர்களைப் பார்ப்பதற்கென்றே வந்த கூட்டமும் இல்லை அது. நாங்கள் பின்னால் இருந்தபடியால் எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் முதுகும் கையும்தான். ஒலி விநாடிக்கு 340 மீற்றர்தானே போகும், எங்கள் வரிசைக்கு வந்துசேர அரை விநாடிக்குக் கிட்ட எடுத்தது. அதனால் முன்னால் கைகள் மேலே போனபிறகுதான் சத்தம் எங்களிடம் வந்தது. நாங்கள் காதால் கேட்டுத் தட்டவில்லை, முன்னால் நிற்பவனின் கையைப் பார்த்துத் தட்டினோம். என் தோழியும் தட்டினாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

பாட்டு முடிந்து, வாத்தியம் ஒன்றும் இல்லாமல், ஃப்ரெடி தனியே நின்று குரலால் ஒரு சுரம் விட்டார். சனம் திருப்பிச் சொன்னது. இன்னும் கொஞ்சம் மேலே விட்டார், அதையும் சொன்னது. நல்லூர்த் தேரில் ஒருவர் 'நல்லூர்க் கந்தனுக்கு' என்று எடுத்துக் கொடுக்க, வீதி முழுவதும் 'அரோகரா' என்று எழும்புமே, நெஞ்சுக்குள் அதே அதிர்வு. ஊரை விட்டு வந்தபிறகு அப்படி ஒரு கூட்டத்துக்குள் நான் நின்றதில்லை. கடைசியில் எங்களால் பிடிக்க முடியாத ஒரு வளைவைப் போட்டுவிட்டுச் சிரித்தார். கவனி, பின்வரிசைக்குப் பாடினார். முன்னால் நிற்கிறவன் எப்படியும் உன்னுடையவன்தான்.

அப்புறம் ஒரு கனமான பாட்டு. அதில் மேடையில் நின்ற கமராக்காரரைச் சுற்றிச் சுற்றி வந்து பகிடி விட்டார். அடுத்ததற்குத் தானே கிற்றாரைத் தூக்கினார். கடைசி இரண்டு பாட்டுகளும் விளையாட்டு மைதானங்களில் இன்றைக்கும் போடுகிறவை, உனக்கே மனப்பாடம். மொத்தம் இருபத்தொரு நிமிடம். முடிந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாட்டு வரிகளோ பாதி தெரியாது.

அந்த மனிதர் யார் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். சொந்தப் பெயர் ஃபரூக் புல்சாரா. குஜராத்திலிருந்து போன பார்சிக் குடும்பம், பிறந்தது ஆபிரிக்காவின் கிழக்குக் கரைத் தீவான சன்சிபாரில், படித்தது பம்பாய்ப் பக்கம் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில். 1964இல் சன்சிபாரில் புரட்சி வெடித்தபோது குடும்பம் உயிருக்குப் பயந்து லண்டனுக்கு வந்து பெல்தமில் குடியேறியது. ஹீத்ரோவுக்குப் பக்கத்துப் பெல்தம், எங்கள் சனமும் எத்தனையோ பேர் வந்திறங்கிய விமான நிலையத்துக்குக் கிட்ட! நாங்கள் வந்த வழியால்தான் அவரும் வந்தார். 1985 மே மாதம்தான் இலங்கையர் விசா இல்லாமல் இங்கே வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். கட்டாயம் எங்களுக்காகத்தான். அந்தக் கோடையில் வெம்பிளி நிறைந்த வெள்ளைக்காரக் கூட்டத்தைக் கைக்குள் வைத்திருந்தவர் ஒரு அகதிப் பெடியன் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் உரக்கக் கத்தியிருப்பேன்.

இனி உன் படம். அதில் குவீன் பாடத் தொடங்கியதும்தான் நன்கொடைத் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்குவதாகக் காட்டுகிறார்கள் அல்லவா? அது கதை. அந்தக் கச்சேரிக்கு முன் குழு பிரிந்திருந்தது என்பதும் கதை, மே மாதம் வரை யப்பானில் பாடிக்கொண்டிருந்தார்கள். காசு பெருகியது வேறு காரணத்தால். ஏழு மணித்தியாலம் போய் சேர்ந்தது ஏறத்தாழ 12 லட்சம் பவுண்தான் என்று கேள்விப்பட்டு, கெல்டோஃப் பிபிசி வர்ணனைக் கூடத்துக்குப் போய்க் கோபமாகக் கதைத்தார். அதன்பிறகு பாடகர் டேவிட் போவி தன் பாட்டு ஒன்றை விட்டுக்கொடுத்து அந்த நேரத்துக்கு எதியோப்பியப் படத்துண்டு ஒன்றைப் போடச் சொன்னார். பெரிய திரையில் எங்களுக்கும் காட்டினார்கள். ஒரு சின்னப் பிள்ளை எழும்பி நிற்கப் பார்க்கும், கால் மடங்கும், திரும்பவும் எழும்பப் பார்க்கும். அவ்வளவு சத்தம் போட்ட மைதானத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கட்டிலில் கிடக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள் நான், என்னாலேயே பார்க்க முடியவில்லை. காசு கொட்டியது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றதையும் சொல்லாவிட்டால் சரியில்லை. அந்தப் பஞ்சம் வெறும் மழை பொய்த்ததால் வந்ததில்லை. வடக்கே திக்ரேயிலும் எரித்திரியாவிலும் போர். எதியோப்பியாவை ஆண்ட மெங்கிஸ்துவின் அரசு சனத்தை வடக்கிலிருந்து வலுக்கட்டாயமாக இடம்பெயர்த்தது. அதைக் கண்டித்ததற்காக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவை அந்த வருடம் டிசெம்பரிலேயே நாட்டை விட்டு வெளியேற்றியது. மேடையில் இதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஆபிரிக்காவுக்காக நடந்த கச்சேரியில் ஆபிரிக்கக் கலைஞர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. 1990க்குப் பிறகு எங்கள் ஊருக்கே பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெயும் மருந்தும் போகாமல் நின்றபோது நன்றாக உறைத்தது. அதற்காகக் கச்சேரி வைத்தது பிழை என்று சொல்லமாட்டேன். கொடுத்த காசில் பால்மாவும் கோதுமையும் போய்ச் சேர்ந்தது, அதைக் குடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, உனக்குப் பயன்படும். இரவு போல் மக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார், மைக் வேலை செய்யவில்லை. முதல் இரண்டு நிமிடம் பியானோ மட்டும்தான் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. சனமே பாட்டை எடுத்துப் பாடிவிட்டது. பீற்றில்ஸ்காரருக்கே அப்படி என்றால் உங்கள் மண்டபத்து மைக்குக்கு என்ன உத்தரவாதம்? முதல்நாளே போய் வயர்களைப் பார்த்துக்கொள். டிரம்ஸ் வாசிக்கிற பெடியனிடம் சொல்லி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கதைக்கிற வேலையை நிறுத்து. போன தடவை நீ அனுப்பிய பதிவில் கதைதான் கூட. சோலோவில் பாதியை வெட்டு. நான் சொன்னதற்காக இல்லை, கடிகாரத்தை வைத்து ஒரு தடவை வாசித்துப் பார், உனக்கே விளங்கும்.

நிகழ்ச்சி தொடங்குவது மெல்பேர்ண் நேரம் எத்தனை மணிக்கு என்று எழுது, நான் விழித்திருந்து பார்க்கிறேன். சேர்கிற காசு ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, யார் கையில் போகிறது என்பதையும் எழுது. என் பங்கை அதற்குப் பிறகு அனுப்புகிறேன். அப்பாவும் தருகிறாராம், ஆனால் ரொக் கேட்கமாட்டாராம். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அனுப்பி மூன்று கிழமையாகிறது, சுங்கத்தில் மறித்துவிட்டார்களோ என்று பார்த்துச் சொல்லு.

அன்புடன்,
அம்மா