உங்கள் வீட்டு டிராக்டர்

ஆற்காடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

ஆறு மாதமாகக் கடிதமே இல்லை என்று நீ சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு டிராக்டர் இப்போது என் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பாலாற்றில் பத்து நாள் தண்ணீர் ஓடியது. மல்லாட்டை (நிலக்கடலை) விளைச்சல் சுமார். மற்றதை நேரில் பேசலாம்.

போன மாதம் கலவை ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையைத் தாண்டும்போது, அந்த உருண்டை மூக்கு கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்தி உள்ளே போனேன். இடது மட்கார்டில் புளியமரத்தில் இடித்த பள்ளம் அப்படியே இருந்தது. (உன் அப்பா போகும்வரை அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, நினைவிருக்கட்டும்.) பக்கத்தில் கேஸ் கட்டர் தயாராக இருந்தது. மறுநாள் வெட்டுவதாகச் சொன்னார்கள். எடை 1,100 கிலோவுக்குச் சற்று மேல். இரும்பு விலையையே கொடுத்து ஏற்றி வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் வாங்கியது தப்பென்றால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இதை யார் கடையில் போட்டார்கள், எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

டேஷ்போர்டுத் தகட்டைத் தேய்த்துப் பார்த்தேன். 'டிஇடி' என்று எண் தொடங்குகிறது. ஃபெர்குசன் டிஇ-20 வரிசையில் மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தாத்தா அந்தச் சின்னக் குழாயைத் திருப்பிவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாரே! கியர்த் தடியை 'எஸ்' பக்கம் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் கிடந்தால் கிளம்பவே கிளம்பாது. சிறுவர்களான நம்மை அவர் நம்பி ஏற்றியது இதனால்தான் என்று இப்போது புரிகிறது.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இந்த வண்டி 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. நீ எப்போதும் குதிரைசக்தியைத்தான் கேட்பாய். இதன் மகிமை இன்ஜினில் இல்லை மணி, பின்னால் இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் கலப்பையை மாட்டுக்குப் பின்னால் கட்டுவதுபோல டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கொழு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். இந்த வண்டியை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் மூன்று இரும்புக் கைகளால் கலப்பையை வண்டியோடு ஒரே உடம்பாக்கினார். கெட்டி மண் வந்தால் கலப்பை மேல் கையை முன்னால் தள்ளும். அந்த அழுத்தம், எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக்கின் வால்வைத் திறக்கும். கலப்பை ஒரு விரல்கடை எழும்பும், பாரம் பின்சக்கரத்தில் இறங்கும், சக்கரம் வழுக்காது. ஏரிக்கரை ஓரத்துக் கழனியில், பெரியப்பாவின் பெரிய வண்டி திணறிய அதே மூலையில் இது முனகாமல் போனதே, காரணம் இதுதான். இன்று நம் ஊரில் ஓடும் எந்த டிராக்டரின் பின்னாலும் போய்ப் பார், அதே மூன்று கைகள்தான்.

இதை நம்பித்தான் 1938-ல் ஹென்றி ஃபோர்டு வெறும் கைகுலுக்கலில் ஃபெர்குசனோடு கூட்டுச் சேர்ந்தார். ஃபோர்டின் பேரன் காலத்தில் கூட்டு முறிந்து, வழக்கு நடந்து, 1952-ல் ஃபோர்டு கம்பெனி ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. 1958 ஜனவரி 4 அன்று எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்தை அடைந்தது இதே ரக வண்டிகள் மூன்றில். பட்டைச் சங்கிலி மாட்டி, பனியில்! உன் ஜீப் புராணத்தை இனி என்னிடம் எடுக்காதே. 1945-ல் வந்த வில்லிஸ் சிஜே-2ஏ ஜீப்பையே விவசாயிக்கு ஏர் ஓட்டவும் ஆகும் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

இப்போது நான் தூக்கம் கெட்டு எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக் ஷெட் தம்பி இன்ஜினைப் பிரித்துவிட்டான். பிஸ்டன் இறுகவில்லை, பிழைத்துக்கொள்ளும். பெயின்ட்டில்தான் சிக்கல். பானட்டில் சிவப்பைச் சுரண்டினால் அடியில் சாம்பல் வருகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அதுதான். சிவப்பு உன் அப்பா அடித்தது. 1960-ல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கி, ஊருக்குள் சிவப்பு மாஸி ஃபெர்குசன் வண்டிகள் வந்த பிறகு, நம்முடையதும் அந்தக் குடும்பம்தான் என்று காட்ட அவரே தூரிகை பிடித்தார். சொன்னது பொய்யும் இல்லை. 1953-லேயே ஃபெர்குசன் கம்பெனி மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது.

தம்பி முழுக்கச் சுரண்டிச் சாம்பலாக்கலாம் என்கிறான். வண்டிக்கு அதுதான் நியாயம் என்று பகலில் தோன்றுகிறது. ஆனால் வலது மட்கார்டின் உள்பக்கம், தூரிகை முடி ஒன்று சிவப்புக்குள் ஒட்டி உலர்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகு உப்புத்தாளை யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீதான் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், சனிக்கிழமை வா. உன் வீட்டுப் பரணில் கிடக்கும் சுற்றுக் கைப்பிடியையும் சாக்கில் சுற்றி எடுத்து வா. அது இல்லாமல் முதல் தடவை கிளப்ப எனக்கு விருப்பமில்லை.

அன்புடன்,
உன் ரங்கு